கச்சான் காற்றில் ஓர்கிட்

மூன்று மாதங்களுக்கு முன் கனடாவின் கல்கரி நகரிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர், நான் கொழும்பில் பத்திரிகைப் பணியில் இருந்த காலந்தொட்டு என் எழுத்துகளை வாசித்து வருபவர். வாசிப்பதோடு நில்லாமல், பிழை கண்டால் கண்டிப்பவர். இம்முறை கண்டிக்கவில்லை, முறையிட்டிருந்தார். மகள் வாங்கிக் கொடுத்த ஓர்கிட் செடியொன்று அவர் வீட்டு யன்னலோரத்தில் செத்துக்கொண்டிருக்கிறதாம். வெளியே உறைபனி. உள்ளே இரவும் பகலும் சூடாக்கி ஓடுகிறது. உதடு வெடிக்கிறது, தோல் வரள்கிறது, செடியின் மொட்டுகளோ விரியுமுன்னரே மஞ்சளித்து உதிர்கின்றன. அவர் மனைவி பொறுக்கமாட்டாமல் நாளொன்றுக்கு மூன்று முறை தண்ணீர் ஊற்றுகிறார். இவ்வளவையும் எழுதிவிட்டு இறுதி வரியில் என்னைச் சற்றே சீண்டியிருந்தார்: "நீங்கள் மழையும் மூடுபனியும் சூழ்ந்த மலையகத்தில் இருப்பவர். காய்ந்த காற்றென்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை."

மலையகம் என்றதும் நுவரெலியாவின் தூறலையும் கம்பளிச் சட்டையையும் நினைத்துக்கொள்வது வெளியூர் அன்பர்களின் வழக்கம். அவர்களைக் குறைகூற முடியாது. சுற்றுலாப் படங்கள் அனைத்தும் அங்கேயே எடுக்கப்படுகின்றன. ஆனால் ஊவா வேறு. கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வரும் வீதியில் ஜூலை மாதமொன்றில் பயணம் செய்து பாருங்கள். இரத்தினபுரியில் பேருந்தின் யன்னலை மழைக்கு அஞ்சி மூடியிருப்பீர்கள். பலாங்கொடையைக் கடந்து பெலிஹுல் ஓயாவை அணுகும்போது மழை எங்கோ பின்தங்கிவிட்டிருக்கும். கலுபஹனையைத் தாண்டி ஹல்துமுல்லைக்கு ஏறும்போது யன்னலை மறுபடியும் மூடுவீர்கள். இம்முறை காற்றுக்கும் புழுதிக்கும் அஞ்சி. வீதியோரத்துப் பத்தனைப் புல் வைக்கோல் நிறத்தில் படுத்துக் கிடக்கும். எங்கேனும் ஒரு சரிவில் தீ வைத்த கரிய தழும்பு தெரியும்.

தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் மேற்குச் சரிவுகளில் மழையாகக் கொட்டிவிட்டு மலைமுடியைத் தாண்டி இப்பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை செல்சியஸ் வீதம் சூடேறும். சூடேறிய காற்றுக்கு நீராவி தாங்கும் ஆற்றல் அதிகம். தன்னிடம் இல்லாத ஈரத்தை அது எதிரே கிடப்பவற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. மண்ணிலிருந்து, இலையிலிருந்து, கொடியில் காயும் துணியிலிருந்து, நம் கண்ணிலிருந்தும்கூட. கிழக்கு மாகாணத்தில் இதனைக் கச்சான் காற்று என்பர். எங்கள் தோட்டங்களில் வெறுமனே 'காத்துக்காலம்' என்று சொல்லிவிடுவோம். சுவிற்சர்லாந்திலே மலைக்கு அப்பால் இறங்கும் இதே வகைக் காற்றுக்கு வேறு பெயர். றொக்கி மலையிலிருந்து இறங்கிக் குளிர்காலத்தில் திடீரெனப் பனியை உருக்கும் ஷினூக் காற்றும் இதன் உடன்பிறப்புத்தான். அந்த ஷினூக்கின் வாசற்படியில் இருக்கும் நகரமே கல்கரி. ஆகவே என் வாசகரும் நானும் உலகின் இரு மூலைகளில் இருந்தாலும், ஒரே குடும்பத்துக் காற்றிடம்தான் அடி வாங்கிக்கொண்டிருக்கிறோம். அதை அவருக்கு எழுதினேன்.

இந்தக் காற்றைத் தேயிலைக்காரர்கள் வாழ்த்துவார்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி விலை. காய்ந்த காற்றில் செடி வளர்ச்சியை ஒடுக்கிக்கொள்கிறது. கொழுந்து குறைகிறது, குறைந்த கொழுந்தில் வாசனைப் பொருள்கள் செறிகின்றன. ஊவாத் தேநீரில் நாவில் குளிர்ச்சியாக உறைக்கும் ஒரு மணம் உண்டல்லவா? அதற்குக் காரணமானவற்றுள் ஒன்று மெதைல் சலிசிலேட். மூட்டுவலிக்குப் பூசும் தைலங்களில் மணப்பதும் அதுவே. தோமஸ் லிப்டன் 1890இல் ஹப்புத்தளைப் பக்கத்தில் தோட்டங்களை வாங்கிய காலத்திலிருந்து அந்த மணத்துக்கு உலகச் சந்தை திறந்திருக்கிறது. அதே மூன்று மாதங்களில்தான் எங்கள் லயங்களின் பீலிகள் நூலாக ஒழுகும். காற்றுக்காலத்துத் தேநீரை வெளிநாட்டு நண்பர்கள் புகழும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது குடங்களின் வரிசை.

என் தகப்பனார் ஹல்துமுல்லைக்கு அருகிலிருந்த ஒரு தோட்டத்தில் துரை பங்களாவின் பூந்தோட்டக்காரராக இருந்தார். மலைக்குப் போகாமல் பங்களாவில் வேலை செய்பவர் என்பதால் லயத்தில் அவருக்குக் கொஞ்சம் மரியாதையும் அதைவிடக் கூடுதலாகப் பொறாமையும் கிடைத்தன. பங்களாவின் பின்புறத்தில் சட்டமடித்துக் கம்பிவலை போட்ட ஓர் ஓர்கிட் கூடம் இருந்தது. துரைசாணிக்கு அதுவே உயிர். கட்லேயா, டென்ட்ரோபியம், சிம்பிடியம் என்று முப்பது நாற்பது சட்டிகள். பேராதனைப் பூங்காவின் ஓர்கிட் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து அதேபோல் அமைத்தார் என்று அப்பா சொல்வார்.

இங்கிலாந்திலிருந்து வந்த புத்தகமொன்று துரைசாணியிடம் இருந்தது. காற்றில் ஈரம் குறையும்போது நாளுக்கு மூன்று முறை செடி, சட்டி, தரை அனைத்தையும் நனைக்க வேண்டும் என்பது அதன் சட்டம். காற்றுக்காலத்தில் அப்பா காலை, நண்பகல், மாலை என்று பங்களாத் தொட்டியிலிருந்து வாளி வாளியாக மொண்டு ஊற்றுவார். அவருடைய சட்டை எப்போதும் ஈரமாகவே இருக்கும். லயத்தில் இரவு எட்டு மணிக்கு அம்மா பீலியிலிருந்து அரைக்குடத்தோடு வருவாள். மாலையில் மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, வரிசையில் நின்று, பிடித்த அரைக்குடம்.

1966ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். எனக்குப் பதினொரு வயது. தங்கைக்கு வயிற்றுப்போக்கு. அம்மா அப்பாவின் நனைந்த சட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அந்தப் பூவுக்கு ஊத்துறதுல ஒரு கொடம் இங்க கொண்டாந்தா என்ன?"

அப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் இருட்டிய பின் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்களில் தண்ணீர் கொண்டுவந்தார். அதற்கடுத்த நாளும் கொண்டுவந்தார். மூன்றாம் நாள் யாரோ சொல்லிவிட்டார்கள். விசாரணையில் அப்பா மறுக்கவில்லை. தண்ணீர் திருடியதற்காக ஒரு கிழமைக்குப் பேர் வெட்டினார்கள். பேர் வெட்டுவது என்றால் என்னவென்று தோட்டத்தில் பிறக்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: வேலை செய்வாய், செக்ரோலில் உன் பேர் விழாது, அன்றைய கூலி இல்லை. அந்தத் துரையின் பெயரையோ தோட்டத்தின் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. அவரும் இறந்துவிட்டார், அப்பாவும் இறந்துவிட்டார்.

தண்டனைக்குப் பிறகு அப்பா ஒரு காரியம் செய்தார். அதைப் புரிந்துகொள்ள எனக்கு நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

அவர் ஓர்கிட் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதைக் குறைத்துவிட்டார். கோபத்தில் அல்ல. அந்த ஒரு கிழமை, கூலியில்லாத வேலை நாள்களில், சட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வேர்களைப் பார்த்தாராம். பாதிக்கு மேற்பட்ட வேர்கள் பழுப்பாகி, விரலால் அழுத்தினால் தோல் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சின. காய்ந்து செத்தவை அல்ல, அழுகிச் செத்தவை. மூன்று வேளைத் தண்ணீரில் சட்டி காயவே இல்லை. மேலே இலையோ சுருங்கிக் கிடந்தது. சுருங்கிய இலையைப் பார்த்த துரைசாணி இன்னும் ஊற்று என்றார். ஊற்ற ஊற்ற வேர் அழுகியது. வேர் அழுக அழுக இலை சுருங்கியது.

அவர் அறிந்ததைப் பின்னாளில் நான் புத்தகங்களில் வாசித்தேன். மரத்தில் வளரும் ஓர்கிட்டின் வேர் மண்வேர் போன்றதல்ல. அதன்மேல் வெலமன் எனப்படும் பஞ்சுபோன்ற உறை இருக்கிறது. காய்ந்திருக்கும்போது அது வெள்ளி நிறம். நனைந்தவுடன் நீரை உறிஞ்சிப் பச்சையாகும். மழை பெய்யும்போது சில நிமிடங்களில் குடித்துவிட்டு, பின்னர் காற்றில் உலர்ந்து நிற்பதற்கென்றே அமைந்த உறுப்பு அது. நாள் முழுதும் நனைந்த வேருக்கு மூச்சு முட்டும். இன்னொன்றும் உண்டு. கட்லேயா, வாண்டா போன்ற தடித்த இலை ஓர்கிட்டுகள் பகலில் தம் இலைவாய்களை மூடிக்கொண்டு, இரவிலே திறந்து காபனீரொட்சைட்டை வாங்கிச் சேமிக்கின்றன. கற்றாழையும் கள்ளியும் செய்யும் அதே சிக்கன வித்தை. ஆகவே அவற்றுக்கு நண்பகல் காற்றின் வரட்சியைவிட இரவுக் காற்றின் ஈரமே முக்கியம். ஊவாவில் காற்றுக்காலத்திலும் இரவுகள் குளிர்ந்தவை. குளிர்ந்தால் காற்றின் ஈரப்பதன் தானாகவே ஏறும். பாதி வேலையை மலையே செய்துவிடுகிறது.

துரைசாணியின் புத்தகம் எழுதப்பட்ட நாட்டிலும் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றார்கள். வெப்பநாட்டுச் செடியென்றால் ஆவியில் வேக வேண்டும் என்று நம்பி, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் காற்றோட்டமில்லாத கண்ணாடி வீடுகளில் அடுப்பு மூட்டி எண்ணற்ற ஓர்கிட்டுகளை அவித்துக் கொன்றார்கள். ஜோசப் பாக்ஸ்டன் போன்ற தோட்டக்காரர்கள் காற்றைத் திறந்துவிட்டு வெப்பத்தைக் குறைத்த பிறகே செடிகள் பிழைத்தன. பாக்ஸ்டனுக்குப் பின்னர் சேர் பட்டம் கிடைத்தது. என் தகப்பனாருக்கு ஒரு பழைய காக்கிக் கோட்டு கிடைத்தது. அதற்கு வருகிறேன்.

அப்பா செடிக்கு விடியற்காலையில் மட்டும், அதுவும் வேர் வெள்ளியாக இருந்தால் மட்டும், தண்ணீர் ஊற்றினார். கூடத்தின் காற்றடிக்கும் பக்கத்தில் கோணிச் சாக்குகளைத் தொங்கவிட்டு நனைத்தார். வட இந்தியாவில் கோடையில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்துக் கட்டுவார்களே, அதே தத்துவம்: காய்ந்த காற்று ஈரச் சாக்கினூடாக நுழையும்போது குளிர்ந்து ஈரமாகிவிடும். தரையில் ஆற்றுக்கூழாங்கல் பரப்பி மாலையில் அதை நனைத்தார். சாக்குக்கும் தரைக்கும் நல்ல தண்ணீர் தேவையில்லை. பங்களாக் குளியலறையிலிருந்து வெளியேறும் தண்ணீரையே அதற்குத் திருப்பினார். துரை குளித்த தண்ணீரில் துரைசாணியின் பூக்கள் மூச்சுவிட்டன.

இப்போது பங்களாத் தொட்டியில் தண்ணீர் மிஞ்சியது. அருவியிலிருந்து குழாய்வழி வந்துகொண்டே இருக்கும் தண்ணீர், தொட்டி நிரம்பிப் பிற்பகலில் வழிந்தது. வழிந்தது முன்னர் பள்ளத்தில் விழுந்து வீணாகியிருக்கும். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தொட்டியடியிலிருந்து ஒரு சின்னக் கான் வெட்டினார். கான் வெட்டுவது தோட்டத்தில் தினமும் நடக்கும் வேலை. ஏன் வெட்டுகிறாய் என்று எவரும் கேட்கவில்லை. அந்தக் கான் தேயிலைத் தூர்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கி, கீழ் லயத்துப் பீலிக்கு மேலேயுள்ள ஊற்றுக்குழியில் போய் முடிந்தது. வாளியில் கொண்டுவந்தால் களவு. கானில் வந்தால் அது தண்ணீரின் இயல்பு.

செப்டெம்பரில் பீலி சற்றே பருத்து ஒழுகுவதைக் கண்டு, மேல்மலையில் எங்கோ மழை பெய்திருக்கிறது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அம்மாவும் அப்படியே நம்பினாள். அவர் அவளிடம்கூடச் சொல்லவில்லை. நவம்பரில் கட்லேயாக்கள் அதுவரை இல்லாத அளவுக்குப் பூத்தன. துரைசாணி விருந்தாளிகளை அழைத்துக் காட்டினார். தன் புத்தகத்தின் வெற்றி என்று மகிழ்ந்து, அப்பாவுக்கு அந்தக் காக்கிக் கோட்டைக் கொடுத்தார்.

இதையெல்லாம் நான் அறிந்தது 2006இல், அப்பாவின் கடைசி மாதங்களில். வைத்தியசாலைக் கட்டிலில் படுத்துக்கொண்டு கானைப் பற்றிச் சொன்னார். தண்ணீர் திருடன் என்று லயத்தில் பேர் வாங்கியவரின் மகன் என்ற கூச்சத்தோடு வளர்ந்தவன் நான். கொழும்புக்கு ஓடிப்போனதில் அந்தக் கூச்சத்துக்கும் ஒரு பங்குண்டு. ஆசிரியபீடத்தில் அமர்ந்து எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேள்விகளைக் கேட்டிருக்கிறேன். வீட்டில் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

துரைசாணியின் செடிகள் இன்று எங்கும் இல்லை. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு பொறுப்பேற்ற வேளையில் பங்களாவில் ஆள் மாறி, கூடம் ஆட்டுப்பட்டி ஆயிற்று. எஞ்சியிருப்பது ஒரேயொரு செடி. அதுவும் அவர் வேண்டாமென்று ஒதுக்கியது. வெல்லவாயப் பக்கத்திலிருந்து விறகு லொறியில் வந்த ஒரு கிளையில் ஒட்டிக்கொண்டிருந்த வாண்டா அது. மஞ்சளும் பழுப்புமாய் வலைபின்னிய இதழ், நடுவில் ஊதா நாக்கு, அந்தியிலும் மாறாத நறுமணம். தாவரவியலார் வாண்டா டெசெலாட்டா என்பர். நம் நாட்டின் உலர்வலயத்திலும் தமிழ்நாட்டிலும் வெயில் காயும் மரங்களில் வளர்வது. கட்லேயாவின் பக்கத்தில் வைத்தால் ஏழை உறவுக்காரி போலிருக்கும். "இது புல்லுருவி, மரத்தைத் தின்னும், எறிந்துவிடு" என்றாராம் துரைசாணி. அப்பா லயத்துக்குக் கொண்டுவந்து இஸ்தோப்புத் தூணில் கயிற்றால் கட்டிவைத்தார். அங்கும் அம்மா முதல் அயலார் வரை அனைவரும் அதைப் புல்லுருவி என்றே அழைத்தனர்.

ஓர்கிட் புல்லுருவி அல்ல. புல்லுருவி மரத்தின் உடலுக்குள் வேர்விட்டு உறிஞ்சும். ஓர்கிட் மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு நிற்குமேயன்றி மரத்திடமிருந்து ஒரு சொட்டும் எடுப்பதில்லை. மழைநீர், பனி, பட்டையில் படியும் தூசும் சருகும், அவ்வளவுதான் அதன் சாப்பாடு. ஆயினும் பழி பழையது. வாண்டா என்ற பெயரே மரத்தின்மேல் வளரும் ஒட்டுண்ணியைக் குறிக்கும் 'வந்தா' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. வங்காளத்தில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் அதனை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேலைத் தாவரவியலுக்கு அறிமுகப்படுத்தினார். ஆக, இந்தச் செடி உலகின் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் ஒட்டுண்ணி என்ற பெயர்ப்பலகையோடுதான் நிற்கிறது. அந்தச் சொல்லை மனிதர்கள்மீது எறிந்த மேடைப்பேச்சுகள் பலவற்றைச் செய்தியாக எழுதியிருக்கிறேன். எறியப்பட்டவர்களுள் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, கான் வெட்டிக்கொண்டிருந்த என் தகப்பனாரும் ஒருவர். அதைப் பற்றி வேறொரு நாள்.

ஓய்வுபெற்றதும் 2015இல் ஹல்துமுல்லையில் சிறியதொரு வீட்டைக் கட்டிக்கொண்டு திரும்பினேன். தகப்பனாரின் மகன் என்ற மிதப்பில், கொழும்பில் ஒரு டசின் பலனொப்சிஸ் வாங்கி வந்தேன். கடைகளில் வண்ணத்துப்பூச்சிபோல் வரிசையாகப் பூத்து நிற்குமே, அதுதான். கல்கரி அன்பரின் செடியும் அதே இனம். நீரைச் சேமிக்கும் தண்டுக்கிழங்கு அதற்கு இல்லை. தென்கிழக்காசியாவின் ஈரக் காடுகளைச் சேர்ந்தது. முதலாவது காற்றுக்காலத்திலேயே பன்னிரண்டில் ஒன்பது போயின. நானும் துரைசாணியைப் போலவே ஊற்றித்தான் கொன்றேன். பின்பு நீராவி விசிறும் மின்கருவியொன்றை வாங்கினேன். எங்கள் தண்ணீரின் சுண்ணாம்பு இலையெல்லாம் வெள்ளையாகப் படிந்ததே மிச்சம். தெளிப்பான் போத்தலால் இலைமேல் புகைபோலத் தெளிப்பதைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். சில நிமிடங்களில் காற்று அதைக் குடித்துவிடும். நடுக்குருத்தில் தங்கினால் இரவில் அழுகலும் வரும். அது செடிக்கன்று, தெளிப்பவரின் மனநிம்மதிக்கு.

இரத்தினபுரிக் காடுகளின் வெசாக் மலர் மீதும் ஆசைப்பட்டேன். ஆங்கிலத் தேசாதிபதி மெக்கார்த்தியின் மனைவி பெயரால் டென்ட்ரோபியம் மெக்கார்த்தியே என வழங்கப்படுவது. மே மாதத்தில் பூப்பது. இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாதது. மழைக்காட்டின் மகளை இந்தக் காற்றில் கட்டிவைப்பது கொடுமை என்று நண்பரொருவர் தடுத்தார். காட்டிலிருந்து எடுத்து விற்பவர்களால் அது ஏற்கனவே அருகிவிட்டது. காட்டு ஓர்கிட்டை எவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஓர்கிட் குடும்பம் முழுவதுமே சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ளது.

2016 ஓகஸ்டில் ஒரு பிற்பகல். கூழாங்கல் தரையை றப்பர் குழாயால் நனைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பகுதிக் குழாய்த்தண்ணீர் அப்போது கிழமைக்கு இரண்டு நாள்தான். நான் தொட்டியில் பிடித்து வைத்திருந்தேன். மேல் லயத்திலிருந்து வரும் பெண்ணொருத்தி வேலியோரம் குடத்தோடு நின்றாள்.

"ஐயா, பூவுக்கு ஊத்துனது போக இருந்தா ஒரு கொடம் தாங்க."

பரிகாசமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே, பணிவாகவே கேட்டாள். ஐம்பது வருடங்களுக்குப் பிறகு அதே ஓகஸ்டில், ஏறத்தாழ அதே வாக்கியம். குழாயை அவளிடம் கொடுத்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை என்று எழுதினால் மிகையாகிவிடும். வந்தது, தாமதமாக வந்தது.

அடுத்த நாள் என் கூடத்தைக் கலைத்தேன். காற்றுக்குத் தாங்காத செடிகளைக் கொழும்பிலுள்ள உறவினர்களுக்குக் கொடுத்துவிட்டேன். அப்பாவின் வாண்டாவையும் அதிலிருந்து பிரித்த கன்றுகளையும், தடித்த இலைகொண்ட நாட்டுச் சிம்பிடியத்தையும், காய்ச்சலைத் தாங்கும் சில டென்ட்ரோபியங்களையும் மட்டும் வைத்துக்கொண்டேன். தென்மேற்கில் கிளிசிரியா வேலி போட்டேன். காற்றை முழுதாக மறிக்கக்கூடாது, அதன் வேகத்தை மட்டும் உடைக்க வேண்டும். செடிகளை ஒன்றோடொன்று நெருக்கிவைத்தேன். ஒன்றின் மூச்சு மற்றொன்றுக்கு உதவும். கரியும் உடைந்த ஓடும் இட்ட சட்டியில் ஊறவைத்துக் கழுவிய பொச்சுமட்டைத் துண்டுகளையும் சேர்த்தேன். ஏப்ரல் மழையைக் கூரையிலிருந்து பீப்பாய்களில் பிடித்து செடிக்கு வைத்துக்கொள்கிறேன். சாக்குக்கும் தரைக்கும் குளித்த தண்ணீரும் காய்கறி கழுவிய தண்ணீரும். குழாய்த்தண்ணீர் ஒரு சொட்டும் பூவுக்கு இல்லை. வேலியில் ஒரு படலை வைத்து, அதற்குள் ஒரு பைப்பை நீட்டியிருக்கிறேன். காற்றுக்காலத்தில் அங்கே நாலைந்து குடங்கள் நிற்கும். ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிய ஈரமானி கூடத்துக்கு வெளியே நாற்பதுக்குக் கீழே விழும் பிற்பகல்களிலும் சாக்குக்குள்ளே அறுபதை ஒட்டி நிற்கிறது. ஓர்கிட்டுக்கு அது போதும்.

அப்பா வெட்டிய கானைத் தேடிப் போனேன். கிடைக்கவில்லை. தோட்டத்தில் கான்களைத் தூர்வாருவது நின்று வெகுகாலமாகிறது. ஓகஸ்டில் குடத்துக்குத் தண்ணீர் தராத இதே மலைதான் ஒக்டோபர் மழையில் ஊறிச் சரிகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தையில் லயங்களோடு மனிதர்களையும் மூடியது எங்கள் ஹல்துமுல்லைப் பிரிவின் மண்தான். அந்தச் செய்தியை எழுதியவர்களுள் நானும் ஒருவன்.

கல்கரி அன்பருக்கு இவ்வளவும் எழுதவில்லை. செடிக்கு ஊற்றுவதை உடனே நிறுத்தச் சொன்னேன். சட்டியைக் கவிழ்த்து அழுகிய வேர்களைச் சுத்தமான கத்தரிக்கோலால் நறுக்கி, புதிய பட்டைத் துண்டுகளில் வைத்து, வேர் வெள்ளியானால் மட்டும் காலையில் ஊற்றி முழுதாக வடியவிடச் சொன்னேன். சூடாக்கியின் வாய்க்கு நேரே வைக்கவேண்டாம். கூழாங்கல் தட்டு வைத்தால் குற்றமில்லை, ஆனால் அதனால் பெரிய மாற்றம் வராது. ஈரச் சாக்குக்குக் கனடாவில் எங்கே போவது என்று யோசித்து, துவைத்த துணிகளை உலர்த்தும் யந்திரத்தில் போடாமல் செடியிருக்கும் அறையிலேயே இரவில் கொடிகட்டிக் காயப்போடும்படி எழுதினேன்.

நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தார். இரண்டு இலை போய்விட்டது. ஆனால் அடியிலிருந்து புதிய வேரொன்று, வெள்ளி உறையும் பச்சை நுனியுமாக, சட்டி விளிம்பைத் தாண்டி நீண்டிருக்கிறது. வெளியே ஷினூக் வீசித் தலையிடிக்கிறதாம். மனைவிக்குத்தான் கொஞ்சம் மனக்குறை. விருந்தாளிகள் வரும் மண்டபத்தில், ஓர்கிட்டுக்கு மேலே, அவருடைய நீளக் காற்சட்டைகள் தொங்குகின்றனவாம். இது எத்தனை நாளைக்கு என்று கேட்கச் சொன்னாராம். ஏப்ரல் வரை என்று பதில் எழுதியிருக்கிறேன்.